எட்டு புள்ளி ஆறு என்றார்கள், அலை வரவில்லை

"இனிமே யாரு வந்து சொன்னாலும் கடையைப் பூட்டிக்கிட்டு ஓடுறதா இல்லை" என்று அண்ணன் சொன்ன வார்த்தை பல மாதங்களாக என்னை விடவில்லை. அவர் என் பெரியாத்தா மகன். நாகப்பட்டினத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். சாந்திக் கலியாணத்துக்குள் கோட்டையூர் வீட்டைச் சரிபண்ணிவிட வேண்டும் என்று போன வருஷம் பங்குனியில் ஊருக்கு வந்திருந்தார். அந்த வாரம்தான் மண்டலேயில் பூமி ஆடியது. 2025 மார்ச் 28, ரிக்டரில் 7.7 என்று தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் பர்மா என்று செய்தி வந்தால் யாரும் சேனலை மாற்றுவதில்லை. நாங்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்த தூணே அங்கிருந்து கப்பலில் வந்த தேக்கு. பெரியாத்தா கேட்டார்: "சுனாமி வருமாப்பா? நாகப்பட்டினத்துக்குப் போன் போட்டுச் சொல்லணுமா?" அதற்குத்தான் அண்ணன் அந்தப் பதிலைச் சொன்னார். "அன்னைக்கு எட்டு புள்ளி ஆறுன்னாக. ஊரே ஓடுச்சு. ஒண்ணும் வரலை. சாயங்காலமா போகலாம்னுட்டாக. அவ்வளவுதான்." அவர் சொன்னது 2012இல் வந்த சுனாமி எச்சரிக்கையை.

வேறு யாராவது சொல்லியிருந்தால் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். 2004 டிசம்பர் 26 காலையில் அண்ணன் நாகப்பட்டினத்தில் இருந்தவர். அவர் கடையில் வேலை பார்த்தவர் அக்கரைப்பேட்டைக்காரர்; அந்த வீட்டில் அன்று யாரும் மிஞ்சவில்லை. அந்த மாவட்டத்தில் மட்டும் 6000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பல நாள் பிணங்களைத் தேடி அலைந்த மனிதர், எட்டு வருஷம் கழித்து வந்த ஒரு எச்சரிக்கையால் எச்சரிக்கை என்ற ஏற்பாட்டின்மீதே நம்பிக்கை இழந்துவிட்டார். அவரைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 8.6 என்பது சின்ன எண் இல்லை. அத்தனை பெரிய ஆட்டத்துக்கு ஏன் அலை வரவில்லை? இந்தக் கேள்விக்கு யாரும் அவருக்குப் பதில் சொல்லவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

மண்டலேயைப் பற்றிப் பெரியாத்தா கேட்டதற்குப் பதில் எளிது. பர்மாவின் நடுவே வடக்கு தெற்காக சகாயிங் பிளவு ஓடுகிறது. அதன் இரு பக்கமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்கின்றன. அன்று 400 கிலோமீட்டருக்கும் மேல் கிழிந்தது, 3000க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். கிழிந்தது நிலத்தில், நகர்ந்தது பக்கவாட்டில். கடலுக்கு அதில் வேலை இல்லை. ஆனால் அண்ணன் கேள்வி கடலுக்குள் நடந்த நிலநடுக்கத்தைப் பற்றியது.

2004உம் 2012உம்

2004இல் நடந்ததை எல்லோரும் அறிவோம். பூமியின் மேலோடு பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அதில் இந்தியத் தட்டு சுமத்ரா, நிக்கோபார், அந்தமான் வரிசைக்குக் கீழே சாய்வாகப் புகுந்துகொண்டிருக்கிறது. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான். ஆனால் இரண்டு தட்டும் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் நகர்வு நின்றுவிடும். மேலே இருக்கும் தட்டின் விளிம்பும் கீழே போகிறதோடு சேர்ந்து இழுபட்டு, உள்ளே மடங்கி, நூற்றாண்டுக் கணக்கில் விறைத்துக்கொண்டே இருக்கும். ஒட்டு விட்டதும் அந்த விளிம்பு மேலேறிப் பாய்கிறது. அன்று காலை ஆறரை மணியை ஒட்டி சுமத்ராவின் வடமுனைக்கு மேற்கே விட்டது, வடக்கு நோக்கி அந்தமான் வரை சுமார் 1200 கிலோமீட்டருக்கு விட்டுக்கொண்டே போனது. முடிய எட்டுப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஒரு தட்டு இன்னொன்றின்மேல் ஏறும் இந்த வகையை ஏறும் பிளவு என்றே இங்கே சொல்கிறேன். தரை உயர்ந்தால் அதன் மேலிருக்கும் கடல் முழுவதும், அடி முதல் மேல் வரை, அப்படியே உயரும். காற்று எழுப்பும் அலை கடலின் மேற்பரப்போடு நின்றுவிடும். இதில் மொத்தத் தண்ணீரும் நகர்கிறது. நாலு கிலோமீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர் வேகம். காலை ஒன்பது மணியை ஒட்டி நாகப்பட்டினத்தில் இருந்தது.

2012 ஏப்ரல் 11 வேறு மாதிரி. மதியம் 2.08. அதே சுமத்ராவுக்கு மேற்கேதான், ஆனால் தட்டுகள் சந்திக்கும் ஆழ்கடல் பள்ளமான அகழியைத் தாண்டி, இந்த ஓரம், இந்தியப் பெருங்கடலின் நடுத் தரையில். அங்கே எதுவும் எதன்கீழும் போவதில்லை. கடல்தரையே தனக்குள் உடைந்து, ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் பல பிளவுகளில், பக்கவாட்டில் நகர்ந்தது. கருவிகள் பதிவு செய்த பக்கவாட்டு நிலநடுக்கங்களிலேயே அதுதான் பெரியது. மாலை 4.13க்கு 8.2 அளவில் இன்னொன்று. சென்னையில் மாடிக் கட்டடங்களில் இருந்தவர்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் உடனே எச்சரித்தது. கரையோர ஊர்கள் காலியாயின. சுமத்ராவின் மேலாபோ துறையில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஏறியது, நம் கரையில் கண்ணுக்குத் தெரியாத அளவு. சாயங்காலம் எச்சரிக்கையை நீக்கினார்கள். அண்ணன் கடையைத் திறந்தபோது இருட்டிவிட்டது.

8.6 என்ற எண் என்ன சொல்கிறது? எவ்வளவு பாறை, எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதைச் சொல்கிறது. எந்தத் திசையில் என்பதைச் சொல்வதில்லை. கடலுக்கோ திசைதான் முக்கியம். நம் செய்திகளில் எண் மட்டும் பெரிய எழுத்தில் ஓடுகிறது. கேட்கிறவர் மனத்தில் எண் பெரிதானால் அலையும் பெரிது என்று பதிந்துவிடுகிறது. ஒரு முறை அது பொய்த்தால், பொய் சொன்னது எச்சரிக்கைதான் என்று முடிவுகட்டிவிடுகிறார்.

இதை அண்ணனிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார், ஏற்றுக்கொள்ளவில்லை. "நிலம் அவ்வளவு தூரம் நகருதுங்கிறே. அதுக்கு மேல இருக்கிற தண்ணி மட்டும் எப்படிப்பா சும்மா இருக்கும்?"

ஆத்தங்குடித் தொட்டி

வளவுக்கு, அதாவது வீட்டின் உள்முற்றத்துக்கு, தரையில் பதிக்கும் கல் பார்க்க ஆத்தங்குடிக்குப் போனபோதுதான் பேச்சு திரும்பியது. அங்கே கண்ணாடியின்மேல் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, பின்பக்கம் சிமெண்டும் மணலும் நிரப்பி எடுத்த கல்லை, இறுகுவதற்காகத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைப்பார்கள். நாங்கள் போன பட்டறையில் ஒரு தொட்டியில் அன்று தண்ணீர் நிறைந்திருந்தது, கல் மட்டும் அதிகம் இல்லை. பட்டறைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, உடைந்து ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு கல்லை எடுத்து அடியில் படுக்கவைத்தேன். அண்ணனைக் கையை உள்ளே விட்டு அதைத் தரையோடு தரையாக வேகமாகத் தள்ளச் சொன்னேன். கல் ஒரு முழம் நகர்ந்தது. மேலே தண்ணீர் லேசாகச் சிலிர்த்ததோடு சரி. பிறகு அதே கல்லை, அதே வேகத்தில், படுக்கை மாறாமல் மேலே தூக்கச் சொன்னேன். அரை சாண்கூடத் தூக்கியிருக்க மாட்டார். தண்ணீர் குவிந்து எழுந்து நாலு பக்கமும் ஓடி, தொட்டி விளிம்பைத் தாண்டி வழிந்தது. அண்ணன் ஒன்றும் பேசாமல் இன்னொரு தடவை தள்ளினார், இன்னொரு தடவை தூக்கினார். பட்டறையில் கல் அடித்துக்கொண்டிருந்தவர்களும் வந்து நின்றுவிட்டார்கள். அதில் ஒரு பெரியவர், "கல்லைத் தூக்காம அடியில இருக்கிறதை உருவுனா?" என்று கேட்டார். இரண்டு கல்லை அடுக்கி, கீழ்க்கல்லைச் சட்டென்று உருவினோம். மேல் கல் இறங்கியது, தண்ணீர் முதலில் குழிந்தது, பிறகு திரும்பி ஏறியது.

மூன்று வகைப் பிளவும் அந்தத் தொட்டியில் வந்துவிட்டன. தள்ளியது 2012. தூக்கியது 2004. பெரியவர் கேட்டது இறங்கும் பிளவு: தரையை இரண்டு பக்கமும் இழுக்கும்போது ஒரு பக்கம் சரிந்து இறங்குகிற வகை. கீழே புகப்போகும் தட்டு அகழிக்கு முன்னால் வளைகிறதே, அந்த வளைவின் மேல்புறம் இழுபட்டு இப்படி உடையும். அதுவும் கடலைக் கிளப்பும். 1977இல் சும்பா தீவுக்குத் தெற்கே இந்தோனேசியாவில், 2009இல் சமோவாவில், அதற்கெல்லாம் முன்னால் 1933 மார்ச் 3 அன்று ஜப்பானின் சன்ரிக்கு கரையில் இந்த வகைப் பிளவுதான் அலையைக் கொண்டுவந்தது. 1933இல் அலை ஒரு குடாவில் 28 மீட்டருக்கும் மேல் ஏறியது. ஏறத்தாழ 3000 பேர் போனார்கள். தரை ஏறினாலும் இறங்கினாலும் தண்ணீர் இடம் மாறும் என்பதுதான் விஷயம்.

அண்ணன் அதோடு விடவில்லை. கல்லின் ஓரத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்: "படுக்கையாத் தள்ளுனா ஒண்ணும் இல்லை, சரி. இதையே நிக்கவச்சுத் தள்ளுனா தண்ணி நகராதா?" நகரும். செய்து பார்த்தோம், நகர்ந்தது. அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரு ஊர் விடை வைத்திருக்கிறது. 2018 செப்டம்பர் 28, சுலவேசித் தீவின் பாலு நகரம். 7.5 அளவு, பக்கவாட்டுப் பிளவு. கணக்குப்படி பெரிய அலை வந்திருக்கக் கூடாது. ஆனால் பாலு ஒரு நீண்ட ஒடுக்கமான குடாவின் கடைசியில் இருக்கிறது. குடாவின் சரிவுகள் செங்குத்தானவை. சரிவு பக்கவாட்டில் நகர்ந்தால் அது தண்ணீரைச் சுவர்போல் தள்ளும். ஆட்டத்தில் கரையும் கடலடிச் சரிவும் பெயர்ந்து விழுந்தால் அதுவும் தள்ளும். சில நிமிஷங்களில் அலை ஊருக்குள் வந்தது. ஆகவே பக்கவாட்டு என்றால் பயமில்லை என்று நான் எழுதவே மாட்டேன். ஆழ்கடலின் சமதரையில் பக்கவாட்டு நகர்வு நடந்தால், தூரத்தில் இருக்கும் நமக்குப் பெரும்பாலும் ஆபத்து குறைவு. அதற்குமேல் சொல்வது தவறு.

கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா

காரில் திரும்பும்போது அண்ணன் தானாகப் பேசினார். 2004ஐப் பற்றி அவர் என்னிடம் அதிகம் பேசியதில்லை. "கடல் உள்ள போகும், அப்பத் தெரிஞ்சுக்கணும்னு எல்லாரும் சொல்றாக. எங்களுக்கு அப்படி எல்லாம் இல்லை. நேரா வந்துச்சு." அவர் சொன்னது சரி. நம் கரையின் அலைமானிகளில் முதலில் பதிவானது ஏற்றம். தாய்லாந்தில் முதலில் கடல் வடிந்தது; வெறுந்தரையில் மீன் பொறுக்கப் போனவர்களைத்தான் அடுத்து வந்த அலை அடித்துப் போனது. ஒரே நிலநடுக்கம், இரண்டு கரையில் இரண்டு நடத்தை. காரணம் மறுபடியும் பிளவுதான். மேல்தட்டின் விளிம்பு துள்ளும்போது அகழியை ஒட்டிய மேற்குப் பக்கம் உயர்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் கிழக்குப் பக்கம் தாழ்கிறது. மேற்கே நம்மை நோக்கிப் புறப்பட்டது மேடு, கிழக்கே போனது பள்ளம். இதற்குச் சாட்சி இன்றும் அந்தமான் நிக்கோபாரில் கிடக்கிறது. வட அந்தமானின் மேற்குக் கரையில் பவளப்பாறைகள் தண்ணீருக்கு மேல் வந்து காய்ந்தன. பெரிய நிக்கோபாரின் தென்முனையில், இந்திரா முனையில், நிலம் நாலு மீட்டருக்கு மேல் இறங்கியது. கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போய்விட்டது.

எனவே தமிழ்நாட்டுக் கரையில் கடல் உள்வாங்குவதைப் பார்த்து ஓடலாம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போதாது. அலைகளுக்கு இடையில் உள்வாங்கும், அது வேறு. அந்தமான் சுமத்ரா பக்கம் ஏறும் பிளவு விட்டால், நமக்கு முதலில் வருவது பெரும்பாலும் தண்ணீர்தான். இதைப் பாடப்புத்தகத்தில் போட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

பிளவு எந்தப் பக்கம் பார்த்து நீண்டிருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். அலையின் பலம் பிளவின் நீளத்துக்குக் குறுக்கேதான் அதிகமாகப் போகும். 2004இல் கிழிந்த கோடு அந்தமான் பக்கம் வடக்கு தெற்காக இருந்ததால் பலம் மேற்கே இலங்கைக்கும் நமக்கும், கிழக்கே தாய்லாந்துக்கும் போயிற்று. நேர் வடக்கே இருந்த வங்காளதேசம் பெரும்பாலும் தப்பியது. மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 28இல், அதே ஏறும் பிளவின் தெற்குத் துண்டு நியாஸ் தீவருகே விட்டது. அதுவும் 8.6. ஆனால் உயர்ந்த தரையில் நல்ல பகுதி தீவுகளுக்கும் ஆழமில்லாத கடலுக்கும் கீழே இருந்தது. தூக்கத் தண்ணீர் குறைவு, வந்த அலையும் தென்மேற்கே திறந்த கடலுக்குப் போயிற்று. எங்களுக்குப் பக்கத்துக் கடலான தொண்டிக்கு 2004இலேயே பெரிய சேதம் இல்லை. இலங்கை குறுக்கே நின்று தடுத்தது. இங்கிருந்து வட்டிக்கடை வைக்கப் போனவர்கள் கோயில் கட்டிய பினாங்கு, சுமத்ராவின் மறைவில் இருந்தும் முழுக்கத் தப்பவில்லை. வடமுனையைச் சுற்றி வளைந்து வந்த அலை சில மணி நேரம் கழித்து அங்கேயும் ஆள்களைக் கொண்டுபோனது.

ஆட்டம் குறைவு, அலை பெரிது

அண்ணனின் ஏமாற்றத்துக்கு நேர்மாறான ஏமாற்றம் ஒன்று உண்டு. அது இன்னும் கொடியது. 1896 ஜூன் 15, சன்ரிக்கு கரை. பின்னால் 1933இல் இறங்கும் பிளவால் அடிபட்டது என்று சொன்னேனே, அதே கரை. அன்று திருநாள். மாலையில் பூமி லேசாக, மெதுவாக, நெடுநேரம் ஆடியது. யாரும் பொருட்படுத்தவில்லை. அரை மணி நேரம் கழித்து வந்த அலை ஓரிடத்தில் 38 மீட்டர் உயரம் ஏறியது. சுமார் 22,000 பேர் இறந்தார்கள். அங்கே விட்டது ஏறும் பிளவின் மேல்நுனி, அகழியை ஒட்டிய பகுதி. அந்த இடத்துப் படிவுகள் இளகலானவை. பிளவு அங்கே சடக்கென்று உடையாமல் மெதுவாக வழுக்கும். மெதுவாக வழுக்கினால் வீடு ஆடாது. ஆனால் நகரும் தூரம் அதிகம், அதற்கு மேலே ஆழமான கடல். 2010 அக்டோபரில் சுமத்ராவுக்கு மேற்கே மெந்தாவாய் தீவுகளில் இதே கதை நடந்தது, 7.8 அளவுதான், ஆட்டமும் பலமில்லை, 400க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள்.

2012இல் பலமாக ஆடி அலை வரவில்லை. 1896இல் லேசாக ஆடியும் பெரிய அலை வந்தது. உடம்பு உணரும் ஆட்டத்தை வைத்து மட்டும் கடலைக் கணிக்க முடியாது என்று அண்ணனிடம் சொன்னேன். கரையிலேயே பலமாகவோ நெடுநேரமோ ஆடினால் காத்திருக்காமல் ஓட வேண்டும், அதில் மாற்றமில்லை. தூரத்தில் நடந்தால், கருவி சொல்வதைத்தான் கேட்க வேண்டும். கருவி அதை எப்படிச் சொல்கிறது என்று தெரிந்தால்தான் கேட்கவும் தோன்றும்.

எச்சரிக்கையை நீக்குவது

நிலநடுக்கம் எங்கே, எவ்வளவு என்பது சில நிமிஷங்களில் தெரிந்துவிடும். தரை ஏறியதா, இறங்கியதா, பக்கவாட்டில் போனதா என்பதற்கு உலகின் பல மூலைகளில் இருக்கும் கருவிகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். உண்மையில் அலை கிளம்பியதா என்பதை வங்கக் கடலின் அடியில் வைத்திருக்கும் அழுத்தமானிகள்தான் சொல்லும். நிக்கோபாருக்கு இந்த அவகாசம் கிடையாது, அங்கே நிமிஷக் கணக்கு. நமக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. முதலில் விலகச் சொல்லி, பிறகு வகை தெரிந்து, பிறகு கடலடிக் கருவி பார்த்து நீக்குவதுதான் சரியான முறை. 2012இல் எச்சரித்தது சரி. நீக்கியதும் சரி. இடையில் நடந்த அத்தனை வேலையும் கரையில் நின்றவர்கள் காதுக்கு வரவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். போகலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால், வீடு திரும்புகிறவர் எதைக் கற்றுக்கொண்டு திரும்புவார்? ஏமாந்தோம் என்பதைத்தான்.

நீக்கும் அறிவிப்பில் நாலைந்து வாக்கியம் கூடுதலாகச் சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன். அண்ணனிடம் அதைச் சொன்னபோது, "எழுது பார்ப்போம், கோயில் மைக்குல படிக்கிற மாதிரி இருக்கணும்" என்றார். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, 2012 ஏப்ரல் 11 மாலைக்கு என்று வைத்து எழுதினேன்:

"இன்று மதியம் 2.08க்கும் மாலை 4.13க்கும் சுமத்ராவுக்கு மேற்கே பெரிய நிலநடுக்கங்கள் நடந்தன. கடல்தரை பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது, மேலே ஏறவில்லை. கடலுக்கு அடியில் உள்ள கருவிகளும் பெரிய அலை இல்லை என்று காட்டுகின்றன. அதனால் எச்சரிக்கையை நீக்குகிறோம். 2004இல் கடல்தரை ஏறியது, அதனால் அலை வந்தது. எந்த வகை என்று தெரியும்வரை உங்களை வெளியே நிறுத்தியிருந்தோம். அடுத்த முறையும் அப்படித்தான் செய்வோம்."

அண்ணன் வாங்கி இரண்டு முறை படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கி, கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "வீட்டுக்கும் கடைக்கும் போகலாம், துறைமுக வாயில்ல நீரோட்டம் இழுக்கும், படகை மட்டும் காலையில பார்த்துக்கிட்டு எடுங்க."